மூன்றாம் கட்டத்தில் பூஜ்யம்

சத்தியமாகச் சொல்கிறேன். மாதா கோயில் மணி மேல் சத்தியம், அந்த மணியின் நாக்கு மேல் சத்தியம், போதாதென்றால் எனக்கு மிச்சமிருக்கிற நான்கு பல் மேலும் சத்தியம். இதில் நடக்காத ஒரு சொல் இருந்தால் அடுத்த வாய் சோற்றில் வாளை முள் என் தொண்டைக்குள் குறுக்கே நிற்கட்டும். நாக்கு நீளம் என்று என்னைச் சொல்வார்கள். நாக்கு நீளம்தான், ஆனால் இந்தக் கதை அதைவிட நீளம், அதனால் இதில் கூட்டிச் சேர்க்க எனக்கு இடமே கிடைக்கவில்லை.

உப்புக்கரையில் மீன் ஏலக்கூடத்துக்கு மாடியில் அலைக் கணிப்பு நிலையம் என்று ஓர் அறை இருந்தது. அறைக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு ஏ.சி., ஏ.சி.யிலிருந்து ஒழுகும் தண்ணீருக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி, இவை மூன்றையும் பதினேழு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆப்பரேட்டர் சந்தியாகு. கடலில் மிதக்கும் மஞ்சள் மிதவைகள் காற்றையும் நீரோட்டத்தையும் அளந்து அனுப்பும். கம்ப்யூட்டருக்குள் ஒரு புரோகிராம் அதை வைத்து நாளைக்கு அலை எத்தனை அடி எழும்பும் என்று கணக்குப் போடும். அந்தப் புரோகிராம் ஓடுகிறதா, செத்துக் கிடக்கிறதா என்று கால்மணிக்கொரு தரம் பார்ப்பது சந்தியாகுவின் வேலை.

அதை எப்படிப் பார்ப்பது என்றால், புரோகிராம் பெயருக்கு நேரே ஓர் எண் வரும். பிராசஸர் அதற்காக மெய்யாகவே உழைத்த நேரம் அது. காலை ஆறு மணிக்குத் தொடங்கிய புரோகிராமை ஒன்பது மணிக்குப் பார்த்தால் கடிகாரப்படி மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். ஆனால் ஓடிய நேரம் நாலே நிமிடம் என்று எண் சொல்லும். மிச்சமெல்லாம் மிதவையிலிருந்து தகவல் வரட்டும் என்று கைகட்டி நின்ற நேரம். எண் அவ்வப்போது ஏறினால் உயிர் இருக்கிறது. அசையாமல் கிடந்தால் எங்கோ சிக்கிக்கொண்டது. நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். கடிகாரத்தோடு சரிக்குச் சரியாக, ஒரு நொடிகூட விடாமல் ஏறினால் அதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஒரே வட்டத்தில் வெறிபிடித்துச் சுற்றுகிறது, விட்டுவைத்தால் மெஷினைச் சூடாக்கித் தானும் பொசுங்கிவிடும். எப்பேர்ப்பட்ட புரோகிராமும் கடிகாரத்தைத் தாண்டி மட்டும் ஓட முடியாது. இவ்வளவுதான் சந்தியாகு கற்ற கல்வி.

ஒரு புதன்கிழமை காலையில் அந்தப் பட்டியலில் புரோகிராம்களின் பெயருக்குப் பதிலாக உப்புக்கரை ஜனங்களின் பெயர் இருந்தது. சந்தியாகு மெஷினை இரண்டு தடவை அணைத்துப் போட்டான், வாளித் தண்ணீரை வெளியே ஊற்றினான், பிறகு பதிவேட்டில் எழுதினான்: ‘இன்று முதல் பட்டியலில் ஊர் மக்கள் வருகிறார்கள். ஏ.சி. பழுது பார்க்கப்பட வேண்டும்.’ எட்டு நாள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஏ.சி. குறித்து ஆவன செய்யப்படும் என்று இருந்தது. மற்றதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆகவே அது நடைமுறைக்கு வந்துவிட்டதாக ஊர் எடுத்துக்கொண்டது.

ஜனம் மாடிப்படியில் வரிசை கட்டியது. ஒவ்வொரு பெயருக்கும் மூன்று கட்டம். முதல் கட்டம், அவரவர் மெய்யாக ஓடிய நேரம். இரண்டாம் கட்டம், அவருக்காக மற்றவர்கள் உழைத்த நேரம். வார்டு மெம்பர் பவுல்ராஜ் அறுபத்திரண்டு வயதுக்காரர், ஐந்தரை லட்சம் மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட இந்த உலகத்தில் இருந்தவர்; முதல் கட்டத்தில் பதினோராயிரம், இரண்டாம் கட்டத்தில் இரண்டு லட்சம். “இது எதிர்க்கட்சிக்காரன் கொடுத்த மெஷின்வே,” என்றார் அவர். “ரெண்டாம் கட்டத்துல முக்கால்வாசி என்னது,” என்றாள் பின்னால் நின்ற அவர் மனைவி, “அத எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரும் ஆப்பரேட்டரே.” அதன்பிறகு பெண் பார்க்க வருகிறவர்கள் இரண்டாம் கட்டம் என்ன என்று விசாரித்தார்கள். மீன் மார்க்கெட்டில் சண்டை வந்தால், “போவியா, ஒன் மொதக் கட்டம் எனக்குத் தெரியாதாக்கும்,” என்று கேட்டார்கள். கடலுக்குப் போகிறவன் அலைத்தடுப்பைத் தாண்டினால் அவன் பெயர் பட்டியலிலிருந்து மறையும், திரும்பி உள்ளே வந்தால் மறுபடி தோன்றும் என்பதைக் கண்டுபிடித்துக்கொண்ட பெண்கள் அதன்பிறகுதான் குழம்பை அடுப்பில் ஏற்றினார்கள்.

மூன்றாம் கட்டம் எல்லோருக்கும் பூஜ்யமாக இருந்தது. அது என்ன கட்டம் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை, பிலோமி வந்து நிற்கும்வரை. பிலோமியின் முதல் பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டது, பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால். அவள் பெயருக்கு நேரே மூன்றாம் கட்டத்தில் நாற்பத்தொன்று என்று இருந்தது. சந்தியாகு தன் பயிற்சி நோட்டை எடுத்தான். ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமைப் பெற்று ஓடவிடும். பெற்றதைத் தாய் என்றும் பிறந்ததைப் பிள்ளை என்றும் அந்தத் தொழிலில் சொல்வார்கள். “பிள்ளையின் நேரம், பிள்ளை முடிந்த பிறகு தாயின் கட்டத்தில் சேரும்,” என்று வாசித்தான். பிலோமி திரைக் கண்ணாடியில் அந்த எண்ணை விரலால் தொட்டாள். “பேரு வைக்கதுக்குள்ள போயிட்டு,” என்றாள். “நாப்பத்தோரு மணி நேரம் வேல பாத்துருக்கு எம்புள்ள.” அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் அன்று எண் பார்க்காமலே இறங்கிப் போனார்கள்.

சந்தியாகுவுக்கும் செசிலிக்கும் ஒரே மகன், தொபியாஸ், இருபத்து மூன்று வயது. அவன் கடலுக்குப் போகும் ஒவ்வொரு விடியலிலும் பெயர் மறைவதற்கு முன்னால் அவன் முதல் கட்டத்தைச் சந்தியாகு தாள் காலண்டரின் முதுகில் குறித்துவைப்பான்; எதற்கு என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. அந்தத் திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்குக் குறித்தது எண்பத்தோராயிரத்து முந்நூற்று நாற்பது. தொபியாஸ் கூட்டாளி கொஸ்மாஸோடு ஃபைபர் படகில் போனான். சாயங்காலம்தான் அலை ஏறும் என்று மாடி மெஷின் சொல்லியிருந்தது. அலை அதைக் கேட்காமல் மதியமே வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை கடல் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. தேடிப் போக நான்கு படகுகளைத் தள்ளி முட்டளவு தண்ணீரில் இறக்கியிருந்தார்கள். கொஸ்மாஸின் தாய் மோட்சம் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து மணலில் நின்றபடி நின்றாள். செசிலி கரைக்கு வந்தாலும் நிற்கவில்லை. இங்குமங்கும் நடந்தாள், வலையை உதறினாள், கயிற்றைச் சுருட்டினாள், யாருடையதோ பிள்ளைக்கு மூக்குத் துடைத்துவிட்டாள்.

படகுக்காரர்களுக்கெல்லாம் மூத்தவர் சூசை சொன்னார்: “சந்தியாகு, போற உசிரு நாலு படகுலயும் பன்னெண்டு. மேல ஏறி அந்த மூணாம் கட்டத்தப் பாத்துட்டு வாரும், தெரிஞ்சுகிட்டு எறங்குவோம்.”

சந்தியாகு மாடிக்கு ஓடினான். தன் பெயர், பூஜ்யம். செசிலி, பூஜ்யம். மோட்சம், பூஜ்யம். இறங்குகிற முதல் படியில்தான் அந்த வாக்கியத்தின் மறுபாதி அவனுக்கு நினைவு வந்தது. நோட்டில் அன்று அவன் வாசித்தது பாதி. பிலோமிக்கு மறுபாதி தேவைப்படவில்லை, அதனால் விட்டிருந்தான். முழு வாக்கியம் இப்படி: பிள்ளையின் நேரம், பிள்ளை முடிந்த பிறகு, அதற்காக நின்று காத்திருந்த தாயின் கட்டத்தில் மட்டும் சேரும். காத்திராத தாய்க்குப் பிள்ளை இருந்தாலும் பூஜ்யம், போனாலும் பூஜ்யம்.

கீழே நூறு முகம் அண்ணாந்து பார்த்தது.

“பூஜ்யம்,” என்றான் சந்தியாகு. “மூணு பேருக்கும்.”

கூட்டம் விட்ட மூச்சில் கட்டுமரத்துப் பாய்கூட உப்பியிருக்கும். “இருக்கானுவ,” என்றார் சூசை. “ஏதாச்சும் தீவுல ஒதுங்கிக் கெடப்பானுவ. கடல் அடங்கட்டும், போய்க் கூட்டியாருவோம்.” படகுகளை மறுபடி மணலுக்கு இழுத்தார்கள். சந்தியாகு மறுபாதியைச் சொல்ல வாய் திறந்தான். அப்போது செசிலி அவன் பக்கத்தில் வந்து, “மதியத்துக்குச் சாளப் புளிக்கொழம்பு வைக்கேன், அவனுக்குப் பிடிக்கும்லா,” என்றாள். திறந்த வாயை அவன் மூடிக்கொண்டான். சொல்லாமல் விடுவது பொய் ஆகாது என்று நினைத்தான். பூஜ்யம் பூஜ்யம்தானே என்றும் நினைத்தான். நினைத்து நினைத்து மதியத்துக்குள் அதை நம்பியும்விட்டான்.

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு மோட்சத்தின் மூன்றாம் கட்டம் நிரம்பியது. மறுநாள் விடியலில் படகுகள் போயின. சாயங்காலம் ஓர் ஐஸ் பெட்டி மூடியோடு திரும்பின. அதில் கொஸ்மாஸ் வரைந்த நட்சத்திரம் இருந்தது. உடல் கிடைக்காதவனுக்கு அவன் சட்டையைப் புதைப்பது உப்புக்கரை வழக்கம். கொஸ்மாஸின் சட்டையைப் புதைத்தார்கள்.

ஆனால் செசிலிக்குப் பூஜ்யம், சந்தியாகுவுக்கும் பூஜ்யம். ஏதோ வெளிநாட்டுக் கப்பல் தொபியாஸைத் தூக்கியிருக்கும், பாஷை புரியாத ஊரில் பேர் சொல்லத் தெரியாமல் இருப்பான் என்று ஊர் முடிவு செய்தது. அதோடு இன்னொன்றும் கண்டுபிடித்தது. மோட்சம் நின்றாள், வந்தது. செசிலி நிற்கவில்லை, வரவில்லை. ஆகவே நின்று காத்திருந்தால்தான் சாவு வரும்.

அன்றிலிருந்து உப்புக்கரையில் யாரும் எதற்கும் காத்திருக்கவில்லை. பஸ் வருவதற்குள் அது வரும் திசையில் நடந்தார்கள், வந்த பஸ் நிற்பதற்குள் தாவி ஏறினார்கள். ரேஷன் கடை வரிசை கடையைச் சுற்றி வட்டமாக நடந்துகொண்டே இருந்தது. டீயைக் கொதிக்குமுன் குடித்தார்கள், சோற்றை வேகுமுன் வடித்தார்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவர்கள் கோயிலைச் சுற்றியபடி ஜன்னல் ஜன்னலாகப் பாவத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பங்குச்சாமியார் எந்தப் பாவம் எவருடையது என்று தெரியாமல் ஊர் மொத்தத்துக்கும் சேர்த்து மன்னித்தார். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மட்டும் அவரிடம் விலக்கு வாங்கித் தந்தார்கள். வெளிநாட்டில் மகன் இருக்கிறவர்கள் போன் மணி அடிக்கும் முன்பே எடுத்து வைத்துவிடுவார்கள். தெருவில் ஒருவன் செருப்பு அறுந்து நின்றால், “நிக்காதல, செசிலி மவன் போயிருவான்,” என்று அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஓர் ஊரே ஒருவனுக்காகக் காத்திராமல் இருப்பதற்குப் படாத பாடுபட்டது.

எல்லோரையும்விடச் செசிலி. அவள் உட்கார்வதை விட்டாள், பிறகு படுப்பதை விட்டாள். படுத்தால் விடியலுக்குக் காத்திருப்பதாகிவிடும் என்றாள். கூட்டிய வாசலைக் கூட்டினாள், கழுவிய சட்டியைக் கழுவினாள். சாமியார் தொபியாஸின் சட்டையைக் கேட்டு ஆள் அனுப்பினார். “பூஜ்யத்துக்கு எதுக்கு சட்ட? அது தொவைக்கப் போட்டுருக்கு,” என்று திருப்பி அனுப்பினாள். திருப்பி அனுப்பியது பொய்யாகிவிடக் கூடாதென்று அதைத் துவைக்க ஆரம்பித்தாள்.

சந்தியாகு மாடியில் உட்கார்ந்து அவள் எண்ணைப் பார்த்தான். முதலில் அது கடிகாரத்துக்கு அரைவாசியாக ஏறியது, பிறகு முக்கால்வாசியாக. முப்பத்தெட்டாம் நாள் காலையில் அவன் சுவர்க் கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். கடிகாரம் ஒரு நொடி நகர்ந்தது. செசிலி ஒரு நொடி ஏறினாள். கடிகாரம் ஒரு நொடி. செசிலி ஒரு நொடி. ஒரு மணி நேரம் பார்த்தான். ஒரு நொடியும் அவள் விடவில்லை. பதினேழு வருடத்தில் இப்படி ஓடியவற்றையெல்லாம் அவன் அறிவான், ஒன்றுகூடத் தானாக நின்றதில்லை. வாளி நிரம்பி வழிந்து காலை நனைத்த பிறகுதான் எழுந்தான்.

வீட்டுப் பின்புறம் துவைக்கிற கல்லில் அவள் அந்தச் சட்டையை அன்றைக்கு ஏழாம் தடவையாகத் துவைத்துக்கொண்டிருந்தாள். கட்டம் போட்ட அந்தச் சட்டையின் நீலம் எப்போதோ போயிருந்தது. அவள் உள்ளங்கை உரிந்திருந்தது. உடம்பிலிருந்து அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பது மாதிரி அனல் அடித்தது.

“செசிலி, நில்லு.”

“அந்தச் சொல்ல வீட்டுக்குள்ள சொல்லாதீரும்.”

“பூஜ்யம்னா இருக்கான்னு அர்த்தம் இல்ல.”

அவள் துவைத்துக்கொண்டே இருந்தாள்.

“நோட்டுல பாதிதான் வாசிச்சேன். மறுபாதி இருக்கு.”

“அதையும் வாசியும்.”

நோட்டு கையில் இல்லை. வேண்டியிருக்கவும் இல்லை. அவன் முழு வாக்கியத்தையும் சொன்னான். சட்டையில் நுரை வருவது நின்றது.

“இது உமக்கு எப்பத்துல இருந்து தெரியும்?”

“பதினேழு வருசமா.”

“அந்தச் செவ்வாக்கிழம?”

“மாடிப்படியில நினைப்பு வந்துச்சு.”

“வந்து?”

“நீ கொழம்பு வைக்கேன்னு சொன்ன.”

அவள் அவனை அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் நல்லது என்று நினைத்தான். அவள் சட்டையை முறுக்கிப் பிழிந்தாள், உதறினாள், ஈரத்தோடு தன் தோளில் போட்டுக்கொண்டாள். கரையைப் பார்த்து நடந்தாள். அவன் பின்னால் போனான்.

அலை கால் தொடும் இடத்தில் இருவரும் கடலைப் பார்த்து நின்றார்கள். ஊர் ஓடி வந்தது. யாரும் நிற்கத் துணியாததால் அவர்களைச் சுற்றி நடந்துகொண்டே கெஞ்சியது. “நிக்காதீங்கம்மா,” என்றார் சூசை ஒரு சுற்றில். “இவ்வளவு நாளு தாங்கிட்டியளே,” என்றார் அடுத்த சுற்றில். செசிலி தோளில் சரிந்த சட்டையை இழுத்து விட்டுக்கொண்டாள். மணலில் ஊர் நடந்து நடந்து ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. அந்தப் பள்ளத்தைத் தாண்டி மோட்சம் உள்ளே வந்தாள், செசிலியின் இடப்பக்கம் நின்றாள். பிறகு பிலோமி வந்து நின்றாள். பிறகு வார்டு மெம்பர், இரண்டாம் கட்டத்தில் ஏறாத ஒரு காரியத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகச் செய்கிறவராக, வேட்டி நனைய வந்து நின்றார். ஒவ்வொருவராக உப்புக்கரை முழுக்க நின்றது. அன்று மதியத்திலிருந்து மறுநாள் மதியம்வரை நின்றார்கள். மூன்று பஸ் நின்று பார்த்துவிட்டுப் போயின.

மறுநாள் மதியம் செசிலி திரும்பி மாடி ஏறினாள். சந்தியாகு கூடப் போனான். மற்றவர்கள் படியில் நின்றுவிட்டார்கள்.

இரண்டு பெயருக்கு நேரேயும் மூன்றாம் கட்டத்தில் ஒரே எண் இருந்தது. எண்பத்தோராயிரத்து நானூற்று ஒன்று.

செசிலி காலண்டர் தாளைச் சுவரிலிருந்து எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு படித்தவள், விரல் விட்டுக் கழித்தாள். “அறுபத்தொண்ணு,” என்றாள்.

“ஆமா.”

“திங்கக்கெழம காலைல அஞ்சு மணி. எப்பேர்ப்பட்டவனும் கடியாரத்தத் தாண்டி ஓட முடியாதுன்னு நீருதானே சொல்லுவீரு.”

“ஆமா.”

அவள் மறுபடி விரல் விட்டாள். “அப்பம் புதங்கெழம சாயங்காலம் ஆறு மணி வரைக்குமாவது எம்புள்ள இருந்துருக்கான்.”

சந்தியாகு அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தான்.

“செவ்வாக்கெழம காலைல நாலு படகும் தண்ணிக்குள்ள நின்னுச்சு.”

“நின்னுச்சு.”

ஏ.சி. தண்ணீர் வாளியில் சொட்டியது. அவள் தாளைத் திரும்ப ஆணியில் மாட்டினாள், கோணலாக இருந்ததைச் சரிசெய்தாள்.

“தூங்குற நேரம் இதுல வருமா?”

“வராது.”

“ஒரு பொட்டு கண்ணசரலயே எம்புள்ள,” என்றாள். பிறகு சட்டையைத் தரையில் விரித்தாள். அதன்மேல் தலையை வைத்து, திரைக்குக் கீழே, வாளிக்குப் பக்கத்தில், காலை மடக்கிப் படுத்துக்கொண்டாள்.

திரையில் அவள் எண் நின்றது. முப்பத்தொன்பது நாளில் முதல் தடவையாக அவன் கண்முன்னால் ஒரு நொடிகூட ஏறாமல் நின்றது. நின்றுபோன எண்ணை நிறுத்தி மறுபடி தொடங்குவதுதான் அவன் பிழைப்பு. பதினேழு வருடப் பழக்கத்தில் அவன் கை தானாக விசைப்பலகைக்குப் போனது, விரல் பொத்தானைத் தொட்டும்விட்டது. அவன் விரலை எடுத்தான். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான். எண் ஏறவில்லை. அவன் தன் மூச்சை அடக்கி அவள் மூச்சைக் கேட்கப் பார்த்தான், ஏ.சி. இரைச்சலில் கேட்கவில்லை. குனிந்து தொட்டுப் பார்க்கலாம். தொட்டால் விழித்துவிடுவாள், விழித்தால் மறுபடி ஓடுவாள். வாளி நிரம்பும்வரை, நிரம்பி வழியும்வரை, வழிந்த தண்ணீர் சட்டையின் ஓரத்தைத் தொடும்வரை அவன் அந்த எண்ணுக்காகக் காத்திருந்தான். அப்போது அதன் கடைசி இலக்கம் மட்டும் ஒரு துளி ஏறியது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு துளி. கனவு காண்பதும் உழைப்புதான். யாருடைய கனவு என்று அவனுக்குத் தெரிந்தது. அதில் தனக்கு இடமிருக்காது என்பதும் தெரிந்தது. எழுந்து சத்தமில்லாமல் வாளியை ஊற்றிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தான்.

இவ்வளவுதான் நடந்தது. யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் சொன்னது யார் என்று மட்டும் சொல்லாதீர்கள். நாலு பல் கிழவன் என்று அடையாளம்கூடச் சொல்ல வேண்டாம். சந்தியாகு இன்னும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறான், எதையும் பாதியாகச் சொல்வதை அவன் விட்டுவிட்டான். பேர் தெரிந்தால் பட்டியலில் தேடி முழுசாகச் சொல்லிவிடுவான். எனக்கும் வெளியூரில் ஒருத்தன் இருக்கிறான், கடுதாசி வந்து ஆறு வருடம் ஆகிறது. நான் அந்த மாடிக்கு இதுவரை ஏறியதில்லை. ஒரே இடத்தில் நிற்பதுமில்லை. பாருங்கள், இதைச் சொல்லி முடிப்பதற்குள் எவ்வளவு தூரம் நடந்துவிட்டோம்.